ஸ்போர்ட்ஸ் கார் எக்ஸாஸ்ட் டிப்: பொருத்துவதும் நேராக நிறுத்துவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

புது டிப் வாங்கி மாட்டியவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "எல்லாம் சரியாகத்தான் முடுக்கினேன். ஆனாலும் பின்னால் போய் நின்று பார்த்தால் கோணலாகத் தெரிகிறதே, ஏன்?" டிப்பில் தெரிகிற கோணல் டிப்பில் பிறப்பது அபூர்வம். முன்னால் ஏதோ ஒரு ஜாயின்ட்டிலோ பைப்பைத் தாங்கும், தளர்ந்துபோன ரப்பரிலோ பிறந்து, பைப்பின் நீளத்துக்கும் வளர்ந்து, கடைசியில் பம்பர் பக்கத்தில் வந்துதான் கண்ணில் படுகிறது. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து சொல்கின்றன.

எக்ஸாஸ்ட் டிப் என்பது எது? சைலன்சரும் அதுவும் ஒன்றா?

இல்லை. சைலன்சர் என்பது சத்தத்தை அடக்கும் பெட்டி. அதிலிருந்து வெளியே வரும் பைப்பின் நுனியில், பம்பருக்கு வெளியே தெரிகிற பளபளப்பான குழல்தான் டிப். சில கார்களில் டிப்பும் சைலன்சரும் ஒன்றாகவே வெல்டிங் செய்யப்பட்டு வரும். சிலவற்றில் கிளாம்ப் போட்டிருக்கும், கழற்றி மாற்றலாம். சிலவற்றில் தெரிகிற டிப் பம்பரோடு சேர்ந்த அலங்காரம் மட்டுமே; உண்மையான பைப் அதற்குப் பின்னால் தனியாக முடிந்திருக்கும். வாங்குவதற்கு முன் டார்ச் அடித்துக் கீழே குனிந்து, உங்கள் காரில் இருப்பது எந்த ரகம் என்று பார்த்துவிடுங்கள்.

டிப் மாற்றினால் பவர் கூடுமா? சத்தம் மாறுமா?

பவர் கூடாது. சத்தத்தின் தன்மை மிகக் கொஞ்சம் மாறலாம், குறிப்பாக நீளமும் வாயும் பெரிதாக இருந்தால். அதற்கு மேல் எதிர்பார்த்து வாங்க வேண்டாம். டிப் கண்ணுக்கான பொருள். அதனால்தான் நேராக நிற்பது இவ்வளவு முக்கியம்.

என் பைப்புக்கு எந்த அளவு டிப் வாங்க வேண்டும்?

டிப்பின் உள்வாய் உங்கள் பைப்பின் மேல் செருகப்படுகிறது. எனவே பொருந்த வேண்டியவை பைப்பின் வெளி விட்டமும் டிப்பின் உள் விட்டமும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 4 இன்ச், 4.5 இன்ச் எல்லாம் பெரும்பாலும் வெளியே தெரிகிற வாயின் அளவு. அதைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) இருந்தால் அதை வைத்து அளக்கலாம். இல்லையென்றால் ஒரு நூல் போதும். பைப்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி, சந்திக்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, நூலை நீட்டி ஸ்கேலில் அளந்து, 3.14-ஆல் வகுத்துவிடுங்கள். நூல் 200 மி.மீ. வந்தால் விட்டம் கிட்டத்தட்ட 63.7 மி.மீ., அதாவது 2.5 இன்ச் பைப். 240 மி.மீ. வந்தால் 3 இன்ச் பைப், 76 மி.மீ. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை தளர்வு இருந்தால் கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் தளர்வு இருந்தால் டிப் தலையைத் தொங்கப்போடும், எவ்வளவு முடுக்கினாலும் சரி.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பழைய யு-போல்ட் கிளாம்ப் இருந்த பைப் வட்டமாகவே இருக்காது, அந்த இடத்தில் நசுங்கி முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள். நசுங்கிய துண்டை அறுத்து எடுத்துவிட்டு, நல்ல வட்டத்தில் டிப்பைச் செருகுவதுதான் நல்லது.

அப்புறம் பம்பரில் உள்ள வெட்டு. டிப்பின் வெளி விட்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 12 முதல் 15 மி.மீ. இடைவெளி கிடைக்க வேண்டும். வெட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய டிப் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஓட்டும்போது அது அசையும், பம்பரில் இடிக்கும்.

ஸ்டெயின்லெஸ், குரோம், டைட்டானியம், கார்பன் – எதை எடுக்கலாம்?

நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ். அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும்; துருவைத் தாங்கும், பாலிஷ் ஏறும். மலிவான 409 ரகத்தில் நிக்கல் இல்லை, நாளாக ஆக மேலே பழுப்புத் துரு படரும். ஒரு சின்னக் காந்தத்தை வைத்தால் 409-இல் நன்றாக ஒட்டும், 304-இல் அநேகமாக ஒட்டாது. கடையிலேயே செய்து பார்க்கலாம்.

குரோம் பூச்சுப் போட்ட சாதா இரும்பு முதல் நாள் மிகப் பிரமாதமாக இருக்கும். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டதும் விளிம்பிலிருந்து உரியத் தொடங்கும். டைட்டானியம் எடை குறைவு, சூடுபட்டு நீலமும் ஊதாவும் ஏறுவது அதன் அழகு. கார்பன் டிப் என்று விற்பதில் வெளியே கார்பன் ஃபைபர் உறையும் உள்ளே ஸ்டெயின்லெஸ் குழலும் இருந்து, இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மேல்பூச்சு மஞ்சளாகி வெடிக்கும்.

கிளாம்பா, வெல்டிங்கா?

முதல் தடவை மாட்டுகிறவர்களுக்கு என் பதில் எப்போதும் கிளாம்ப்தான். வெல்டிங் உறுதியானது, அழகானது, ஆனால் ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான். நேராக நிறுத்துவது ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை; சூடேறிய பின் பார்த்து, நாலு நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஒரு நூலளவு இங்கே ஒரு நூலளவு அங்கே என்று நகர்த்த வேண்டியிருக்கும்.

கிளாம்பிலும் ரகம் உண்டு. பட்டையாகச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் பைப்பை நசுக்காமல் சீராக இறுக்கும். யு-போல்ட் ஒரே இடத்தில் கடிக்கும், பைப்பை நசுக்கும், பிறகு திருப்பவே முடியாது. டிப்பின் கழுத்தில் மூன்று சிறிய அலன் ஸ்க்ரூ வைத்த ரகமும் இருக்கிறது. அந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்கினால் டிப்பின் முகத்தைச் சற்றுச் சாய்க்கவோ நிமிர்த்தவோ முடியும். ஆனால் ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிப் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

வெல்டிங்தான் என்று முடிவெடுத்தால், எல்லாவற்றையும் நேராக்கிய பிறகு முதலில் மூன்று இடத்தில் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். காரைக் கீழே இறக்கி, பின்னால் நின்று பார்த்து, திருப்தியான பிறகு முழுச் சுற்று. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும், வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும், பம்பரைக் கழற்றினால் இன்னும் நல்லது. குரோம் பூச்சின் மேல் வெல்டிங் வைக்கக் கூடாது. அந்தப் புகை நச்சு, பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே நெருப்பு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்திலும் வைக்கக் கூடாது. வெல்டிங் சூட்டில் அது உயிருக்கே ஆபத்தான வாயுவாக மாறும்.

தொடங்குவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, காரை ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். சரிபார்க்க எஞ்சினை ஓட்டும்போது வாகனம் திறந்த வெளியில் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பழைய போல்ட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே விட்டு வையுங்கள். பைப் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, பழைய கரியையும் பிசிறையும் எடுத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் காய்ந்தபடி முடுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு அப்படியே சிக்கிவிடும். மரையில் நிக்கல் கலந்த கிரீஸ் ஒரு துளி தடவினால் அந்தத் தொல்லை இல்லை.

நேராக நிறுத்துவது எப்படி? எங்கிருந்து தொடங்குவது?

முன்னாலிருந்து. டிப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

காரணம் சின்னக் கணக்குதான். ஒரு ஜாயின்ட் ஒரே ஒரு டிகிரி பிசகினால், அங்கிருந்து 1 மீட்டர் தள்ளி அது 17 மி.மீ.-க்கு மேல் விலகலாகிறது. முக்கால் இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நடுவில் ஜாயின்ட் இருந்து டிப் 2 மீட்டர் தள்ளி இருந்தால் 35 மி.மீ. ஜாயின்ட் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு டிகிரி கண்ணுக்கே தெரியாது. பம்பர் பக்கத்திலோ டிப் வெட்டின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எனவே முதலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) பின்னால் உள்ள எல்லா ஜாயின்ட்டையும் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம்; கையால் திருப்பினால் திரும்ப வேண்டும், விட்டால் நிற்க வேண்டும், அந்த அளவுக்கு மட்டும். பிறகு ரப்பர்களைப் பாருங்கள். சைலன்சரைத் தூக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையங்கள் சூட்டில் நீண்டு, ஓட்டையின் ஓரத்தில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கும். விரலால் இழுத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். அப்படி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் இருந்தால், அதுவே ஒரு பக்கச் சாய்வைக் கொண்டு வந்துவிடும்.

அடுத்தது பம்பர். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பம்பரே ஒரு பக்கம் 4 மி.மீ. இறங்கியிருக்கலாம், எப்போதோ பட்ட சின்ன இடியில் ஒரு கிளிப் விட்டிருக்கலாம். டிக்கி மூடிக்கும் பம்பருக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பம்பரைச் சரிசெய்ய முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள். முடியாவிட்டால் டிப்பைத் தரைக்கு நேராக வைக்காமல் பம்பர் வெட்டுக்கு நேராக வையுங்கள். பார்க்கிற கண் டிப்பையும் தரையையும் ஒப்பிடுவதில்லை, டிப்பையும் அதைச் சுற்றியுள்ள இடைவெளியையும்தான் ஒப்பிடுகிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்து மிகச் சரியாக இருந்த டிப், சாய்ந்த பம்பருக்குள் கோணலாகத் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி டிப்பை மாட்டி, பம்பர் வெட்டுக்கும் டிப்புக்கும் இடையே அட்டைத் துண்டுகளை மடித்துச் செருகுங்கள். மேலே, இடது, வலது மூன்று பக்கமும் ஒரே கனம். அட்டைகள் டிப்பைத் தாங்கி நிறுத்தும்போது முன்னாலிருக்கும் ஜாயின்ட்டுகள் தாமாகவே எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பி நிற்கும். அப்படியே ஒரு மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் இரண்டு பைப்பையும் கடந்து போகிற மாதிரி ஒரு கோடு போடுங்கள். முடுக்கும்போது போல்ட் பைப்பையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். கோடு இரண்டாக உடைந்தால் உடனே தெரிந்துவிடும்.

முடுக்குவதும் முன்னாலிருந்து பின்னால். முதல் சுற்றில் முக்கால்வாசி இறுக்கம், இரண்டாவது சுற்றில் முழு இறுக்கம், டிப்பின் கிளாம்ப் எல்லாவற்றுக்கும் கடைசி. கிளாம்ப் தயாரிப்பாளர் சொல்லும் இறுக்க அளவுக்கு டார்க் ரெஞ்சை (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அட்டைகளை உருவுங்கள். டிப் அசையாமல் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. உருவியதும் ஒரு பக்கம் துள்ளினால் எங்கோ பைப் இழுபட்டுக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் முதல் சூட்டிலேயே இடம் மாறிவிடும். தளர்த்தி மறுபடி செய்வதுதான் வழி, குறுக்கு வழி கிடையாது.

நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிப்புக்கு ஐந்து பிசகு உண்டு: உயரம், இட வலம், வெளியே நீட்டம், முகத்தின் சாய்வு, தன்னைச் சுற்றிய திருப்பம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. வாய் சாய்வாக வெட்டப்பட்ட டிப்பாக இருந்தால், அது ஐந்து டிகிரி திரும்பியிருந்தாலும் ஒரு கண் சிமிட்டுகிற மாதிரி தெரியும்.

இரண்டு டிப்களின் வாயையும் தொடும்படி ஒரு நேரான அலுமினியக் குழாயையோ நீள ஸ்கேலையோ வைத்துப் பாருங்கள். நீட்டமும் முகச் சாய்வும் உடனே தெரிந்துவிடும். அப்புறம் கார் சமதரையில் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது நாலைந்து மீட்டர் பின்னால் போய், சரியாக நடுவில் உட்கார்ந்து, போனை டிப்பின் உயரத்துக்கு இறக்கி ஒரு படம் எடுங்கள். நின்றபடி பார்த்தால் கண் ஏமாற்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். பழகிய கண்ணுக்குத் தப்புகிற சாய்வு அப்போது பளிச்சென்று தெரியும்.

டிப் பம்பரிலிருந்து எவ்வளவு வெளியே நிற்க வேண்டும்?

பெரும்பாலான கார்களுக்கு, சூடேறிய நிலையில் பம்பர் விளிம்பைத் தாண்டி 10 முதல் 20 மி.மீ. வரை. உள்ளே இருந்தால் சூடான புகை பம்பரின் உள்விளிம்பில் நேராக அடிக்கும். பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். 160 டிகிரி அளவில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே மென்மையாகி வளைந்துவிடும். அதிகம் வெளியே நீட்டினால் சாமான் எடுக்க டிக்கிப் பக்கம் வருகிறவரின் காலைச் சுடும்.

என் இரண்டு இருக்கைக் காரில் நான் செய்த தவறு, டிப் பம்பரோடு மட்டமாக நின்றால்தான் அழகு என்று வைத்தது. முதல் நீண்ட பயணம் முடிந்து இறங்கியபோது பிளாஸ்டிக் சுட்ட வாடை. குனிந்து பார்த்தால் வெட்டின் மேல் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு பழுப்புத் தடம், விரல் நகம் அகலத்துக்கு. தொட்டால் அந்த இடம் மட்டும் மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தது. பாலிஷ் போட்டும் போகவில்லை. பெயின்ட்தான் அடிக்க வேண்டியிருந்தது. டிப்பை 15 மி.மீ. வெளியே இழுத்த பிறகு அந்தத் தொல்லை திரும்ப வரவில்லை.

குளிர்ந்திருக்கும்போது நேராக இருக்கிறது, ஓட்டிவிட்டு வந்தால் கோணலாகிறது. ஏன்?

இரும்பு சூட்டில் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் பைப் 1 மீட்டர், 300 டிகிரி சூடேறினால் சுமார் 5 மி.மீ. நீளும். முன்னால் எஞ்சின் இருக்கும் காரில் 3 மீட்டர் பைப் ஓடுகிறதென்றால் 15 மி.மீ. வரை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? முன்பக்கம் எஞ்சினில் பிடித்திருப்பதால் பெரும்பகுதி பின்னால் தள்ளும், மீதி வளைவுகளில் பக்கவாட்டாகவோ கீழாகவோ போகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கம்பெனியில் வரும் பைப் பெரும்பாலும் 409 ரகம். அது 304-ஐவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் நீளும். பழைய சைலன்சரையும் பைப்பையும் எடுத்துவிட்டு முழு 304 செட்டு போட்டவர்கள், பழைய இடைவெளியையே வைத்தால் போதாது. டைட்டானியம் செட்டு என்றால் நேர்மாறு, 304 நீளுவதில் பாதிதான் நீளும்.

ஆகவே குளிரில் வைக்கும் இடம் கடைசி இடம் இல்லை. அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு வந்து, உடனே படம் எடுங்கள். முழுக்க ஆறிய பிறகு அதே இடத்திலிருந்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் டிப் எந்தப் பக்கம் எவ்வளவு நடக்கிறது என்று தெரிந்துவிடும். கார் ஓடும் நேரத்தில் நேராக இருப்பதுதான் வேண்டும். எனவே குளிரில் அதற்கு எதிர்ப்பக்கம் அந்த அளவு தள்ளி வையுங்கள். சூடாக இருக்கும்போது கை வைக்காதீர்கள், அளவை மட்டும் குறித்துக்கொண்டு ஆறிய பிறகு நகர்த்துங்கள். முதல் 100 கிலோமீட்டர் போன பிறகு எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம், முதல் சில சூட்டில் ஜாயின்ட்டுகள் கொஞ்சம் தளர்வது இயல்பு.

ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறது. எவ்வளவு செய்தும் ஒன்றாக வரவில்லை.

டொயோட்டா ஜிஆர்86 போன்ற கார்களில் குறுக்கே படுத்திருக்கும் ஒரே சைலன்சரிலிருந்துதான் இரண்டு டிப்பும் வரும். அதில் ஒரு பக்கத்தைத் தூக்கினால் மறுபக்கம் இறங்கும், தராசு மாதிரி. இரண்டு டிப்பும் 1 மீட்டர் இடைவெளியில் இருந்தால் சைலன்சரின் ஒரு டிகிரிச் சாய்வு 17 மி.மீ. உயர வித்தியாசமாகிறது. இங்கே டிப்பைச் சரிசெய்து பயனில்லை, சைலன்சருக்கு முன்னால் உள்ள ஜாயின்ட்டைத் தளர்த்தி முழுச் சைலன்சரையும் திருப்ப வேண்டும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் ரப்பர் மாட்டும் கம்பி வளைந்திருக்கலாம். நீளம் குறைந்த ரப்பரை ஒரு பக்கம் போட்டுப் பார்க்கலாம், அல்லது கம்பியின் மேல் ஒரு உறுதியான குழாயைச் செருகிக் கொஞ்சமாக வளைக்கலாம். வளைக்கும்போது வெல்டிங் இருக்கும் அடிப்பகுதியை வேறு ஒருவர் தாங்கிப் பிடிப்பது நல்லது, அந்த இடம்தான் முதலில் பிளக்கும்.

போர்ஷே 911 மாதிரி பின்பக்கம் எஞ்சின் உள்ள கார்களில் இதே முறையா?

அங்கே பைப் குட்டை, சைலன்சர் எஞ்சினோடு சேர்ந்து தொங்குகிறது. நீளுவது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் எஞ்சின் அசைந்தால் டிப்பும் கூடவே அசையும். வயதான 911-இல் இரண்டு டிப்பும் சேர்ந்தாற்போல் கீழே இறங்கி, மேலே இடைவெளி அதிகமாகத் தெரிந்தால், டிப்பைத் தொடுவதற்கு முன் எஞ்சின் மவுன்ட்டை (எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர்) சோதிக்க வேண்டும். மவுன்ட் தேய்ந்த காரில் டிப்பைத் தூக்கி நேராக்கினால், மவுன்ட் மாற்றுகிற அன்று எல்லாம் மேலே போய் பம்பரில் முட்டும்.

நடுவில் வரும் டிப்களுக்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. கார்வெட் சி6-இல் நாலு டிப் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்; இரண்டு இடது சைலன்சரிலிருந்து, இரண்டு வலது சைலன்சரிலிருந்து. பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் 2 மி.மீ. வித்தியாசமும் கண்ணை உறுத்தும். ஓரத்தில் தனித்தனியாக நிற்கும் டிப்களில் அதே 2 மி.மீ. யாருக்கும் தெரியாது. இங்கே உள்ளே இருக்கும் இரண்டையும் முதலில் நிறுத்திவிட்டு, அவற்றைப் பார்த்து வெளியே இருப்பவற்றை நிறுத்துங்கள்.

ஹோண்டா சிவிக் டைப் ஆர் மாதிரி மூன்று டிப் இருந்தால் நடு டிப்தான் அளவுகோல். அதை காரின் நடுக்கோட்டில், சின்னத்துக்கும் நம்பர் பிளேட்டுக்கும் நேராக நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் அதைப் பார்த்து நிறுத்துங்கள்.

ஓட்டும்போது பின்னாலிருந்து டகடகவென்று சத்தம் வருகிறது.

எங்கோ இடிக்கிறது. ஆறிய காரின் டிப்பைப் பிடித்து நாலு பக்கமும் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். உலோகம் உலோகத்தில் படும் சத்தம் வந்தால் சூட்டைத் தடுக்கும் தகடோ கம்பியோ. மந்தமாக 'டொப்' என்று வந்தால் பம்பர். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற, நிற்கிற நேரத்தில் மட்டும் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. அந்த உலுக்கலில்தான் பைப் அதிகம் ஆடும். இடைவெளி இருக்கிறதா என்று சந்தேகமான இடத்தில் கொஞ்சம் களிமண் உருண்டையை ஒட்டி, தெருவைச் சுற்றி வந்து பாருங்கள். நசுங்கியிருந்தால் அதுதான் இடம்.

ஒரு டிப் கறுக்கிறது, இன்னொன்று பளபளப்பாகவே இருக்கிறது. பொருத்தியதில் தவறா?

அநேகமாக இல்லை. வால்வு உள்ள எக்ஸாஸ்ட்டில், வால்வு மூடியிருக்கும் நேரமெல்லாம் புகை ஒரு பைப் வழியாகத்தான் போகும், அது கறுக்கும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் கரி சற்று அதிகமாகவே வரும். வாரத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரால் கழுவினால் ஒட்டாது. டிப் கழுத்தைச் சுற்றி வெளிப்பக்கம் கரிக்கோடு தெரிந்தால் மட்டும் கிளாம்பைப் பாருங்கள், அங்கே புகை கசிகிறது.

புது டிப்பில் கைரேகை அப்படியே பழுப்பாகப் பதிந்துவிட்டது. போகுமா?

கையில் உள்ள எண்ணெய் முதல் சூட்டில் உலோகத்தின் மேல் வெந்துவிடும். மெட்டல் பாலிஷ் போட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் ஸ்டெயின்லெஸ்ஸில் பெரும்பாலும் போய்விடும். நீலம் ஏறிய டைட்டானியத்தில் தேய்த்தால் ரேகையோடு நிறமும் போகும். எனவே எல்லாம் முடுக்கி முடித்த பிறகு, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் டிப்பை முழுக்க ஒருமுறை துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஆறும் வரை விரல் படக்கூடாது.

சட்டப்படி பிரச்சினை வருமா?

சத்த அளவுக்கும், காரின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்மையான விளிம்புக்கும் நாட்டுக்கு நாடு விதி உண்டு. சைலன்சரைத் தொடாமல் டிப் மட்டும் மாற்றினால் சத்த விதி பெரும்பாலும் இடிக்காது. விளிம்பு உள்பக்கம் உருட்டிய டிப்பை எடுத்தால் கூர்மை என்ற பேச்சும் வராது, துடைக்கும்போது கையும் கிழியாது.

கழற்றிய பழைய டிப்பை என்ன செய்வது?

கிளாம்ப், ரப்பரோடு சேர்த்து ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும்போது ஒரிஜினல் கேட்பவர்கள் உண்டு. அறுத்து எடுத்திருந்தால், எந்த இடத்தில் அறுத்தீர்கள், பைப் எவ்வளவு மிச்சம் என்று ஒரு சீட்டில் எழுதி டிப்புக்குள்ளேயே போட்டு வையுங்கள்.